புளோரிடாவுக்கு ஆறுதலாப் போங்கோ

எங்கட ஆட்களிட்டை "புளோரிடா எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீற்றரில் பதில் வராது. "இருபத்திரண்டு மணித்தியாலம்" என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். "நாங்கள் இருபதில போனனாங்கள்." மூன்றாவது ஆளும் அந்த மேசையில் இருந்தால் பத்தொன்பதரையும் வரும். ஸ்காபறோவில் குளிர்காலக் கலியாண வீடுகளில் வழக்கமாக நடக்கிற ஏலம் இது. குறைந்த நேரம் சொன்னவர் வெற்றிப் பெருமிதத்தோடு றோல்ஸைக் கடிப்பார். வழியில் என்ன கண்டீர்கள் என்று அவரிடம் கேட்டால், இருட்டும் பெற்றோல் ஸ்டேசனும் என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும்.

நானும் மனுசனும் இந்த ஏலத்தில் இருந்து விலகிவிட்டோம். ரொறன்ரோவில் இருந்து ஒர்லாண்டோ ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர். இரண்டு பேரும் வேலையை விட்டாயிற்று. பின் சீற்றில் சண்டை பிடிக்கப் பிள்ளைகளும் இல்லை. பிறகு யாருக்காக ஓடுவது? மகன் மட்டும் ஒவ்வொரு முறையும் போன் எடுத்து, "அம்மா, ஏன் பிளைட்ல போகேல்லை? மூண்டு மணித்தியாலம்தானே" என்பான். போகலாம்தான். ஆனால் ரைஸ் குக்கர், இடியப்ப உரல், மிளகாய்த்தூள் போத்தல், இவரின் இடுப்புவலித் தலையணை எல்லாம் காரில்தானே வரும்? அதைவிட, குளிர் கழன்று போவதைக் கண்ணால் காண வேண்டும் என்றால் றோட்டால்தான் போகவேண்டும். விமானத்தில் ஏறும்போது குளிர், இறங்கும்போது வெயில். நடுவில் ஒன்றுமில்லை.

வெளிக்கிடும்போது மறை 17 பாகை. அந்தக் குளிரில் றோட்டில் போட்ட உப்பும் சரியாக வேலை செய்யாது. றோட்டு முழுக்க வெள்ளைத்தூளாகக் கிடக்கும். கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர் மறை 40 வரை உறையாத வகையாக இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத சங்கதி ரயர். வின்ரர் ரயர் 7 பாகைக்குக் கீழேதான் தன் குணத்தைக் காட்டும். புளோரிடா வெயிலில் அதன் மென்மையான ரப்பர் தேய்ந்து தள்ளும். அதற்காகச் சாதாரண ரயரோடு ஜனவரியில் 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் வேறு. நாங்கள் போட்டிருப்பது மலைக்குள் பனிப்பூ அடையாளம் குத்திய, நாலு பருவத்துக்கும் ஓடக்கூடிய ரயர். இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

வழி என்று பார்த்தால் இரண்டு. ஒன்று பவலோவுக்குள்ளால் போய், பிற்ஸ்பேர்க், மேற்கு வேர்ஜினியா மலைகள், சார்லற் என்று ஐ-95ஐப் பிடிப்பது. தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஈறி ஏரி அங்கே ஒரு பக்கமாகப் படுத்துக்கிடக்கிறது. ஏரிக்காற்று திரும்பினால் ஒரு பின்னேரத்துக்குள் கார் மூடுகிற அளவுக்குச் சினோ கொட்டும். 2022 கிறிஸ்மஸ் நேரம் பவலோ பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். மற்றது வின்சர் வழி. டெற்றோயிற்றில் ஐ-75ஐப் பிடித்தால் புளோரிடா வரைக்கும் அதே றோட்டு. எங்களுக்கு அதுதான். ஒன்ராறியோ லண்டன் பக்கத்தில் ஹியூரன் ஏரி கொஞ்சம் விளையாட்டுக் காட்டும். அதைத் தாண்டினால் பயமில்லை.

வின்சரில் ஒரு வேடிக்கை. தெற்கே போக வெளிக்கிட்ட நாங்கள் அமெரிக்காவுக்குள் நுழைவது வடக்கே பார்த்து. அந்த இடத்தில் கனடா கீழே, அமெரிக்கா மேலே. 1929இல் திறந்த அம்பாசடர் பாலம் தனியார் சொத்து. கட்டி முடித்தபோது உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அதுதான். இரண்டு வருடத்தில் நியூயோர்க் அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டது. பாலத்தின் உச்சியில் ஆற்றைப் பார்த்தால் பனிக்கட்டிகள் துண்டு துண்டாக மிதந்து போகும். இவர் பார்க்க மாட்டார். ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, "இஞ்சேரும், பாஸ்போட் இரண்டும் கையில இருக்கோ?" என்று நாலு தரம் கேட்பார்.

2025இல் வரி, கனடாவை 51ஆவது மாநிலமாக்குவது என்று கதை பெருத்த பிறகு இந்தப் பாலத்தை மிதிக்க மாட்டோம் என்று நிற்கிற நண்பர்கள் எங்களுக்கு உண்டு. அவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. அது அவரவர் மனச்சாட்சி. போகிறவர்களுக்கு ஒன்று: 30 நாளுக்கு மேல் தங்குவதென்றால் இப்போது பதிவு உண்டு. தெரியாதது போல் போய் நிற்கக் கூடாது.

மிச்சிக்கனும் ஓகாயோவின் மேற்பாதியும் தட்டையான சாம்பல் நிலம். சோளம் வெட்டிய கட்டைகள், பண்ணைவீடுகள், கொன்ரெயினர் லொறிகள். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஓடுவதைச் சுருக்க முடியாது. நடுவில் வாப்பகொனெற்றா என்றொரு சின்ன ஊர். நீல் ஆம்ஸ்ரோங்கின் சொந்த ஊர். நெடுஞ்சாலையில் இருந்தே வெள்ளைக் குமிழ் ஒன்று தெரியும். நிலவு எழும்புகிற மாதிரி கட்டின அருங்காட்சியகம், 1972இல் திறந்தது. நிலவுக்குப் போன மனுசன் இந்தச் சோளக்காட்டில் இருந்துதான் போனான் என்று இவர் ஒவ்வொரு முறையும் வியப்பார். நானும் ஒவ்வொரு முறையும் முதல் தரம் கேட்கிற மாதிரி "ஓமப்பா" என்பேன்.

ஒரு சின்ன விசயம் கவனித்தீர்களோ தெரியாது. அமெரிக்காவில் வடக்குத் தெற்காகப் போகிற றோட்டில், எக்சிற் எண்ணை மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருந்து மைல் கணக்கில் எண்ணுவார்கள். அதனால் தெற்கே போகிறவருக்கு எண் குறைந்துகொண்டே வரும். ஓகாயோ 210இல் தொடங்கி ஒன்றுக்கு இறங்கும். கென்ரக்கி 190 சொச்சம், ரெனசி 160 சொச்சம், ஜோர்ஜியா 355. ஒவ்வொரு மாநிலமும் பூச்சியத்தில் முடியும்போது ஒரு வேலை முடித்த திருப்தி வரும். நித்திரை தூங்காமல் இருக்க இந்த எண்களைச் சொல்லி வருவது என் பொறுப்பு.

சின்சினாற்றியில் ஓகாயோ ஆறு. இந்த இடத்தில் மட்டும் நாங்கள் கட்டாயம் நிற்போம். ஆற்றங்கரையில் அடிமை ஒழிப்பு வரலாற்றுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, 2004இல் திறந்தது. அந்தக் காலத்தில் ஆற்றின் தென்கரை கென்ரக்கி அடிமை மாநிலம், வடகரை ஓகாயோ சுதந்திர மாநிலம். கென்ரக்கியில் இருந்து இரவில் நீந்தியும், தோணியிலும், ஆறு உறைந்த குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு மேலால் நடந்தும் தப்பி வந்தார்கள். 1850இல் வந்த சட்டம் தப்பியவர்களை வடகரையிலும் பிடித்துக் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு ஆற்றைக் கடந்தது போதாது. டெற்றோயிற் வரை நடந்து, அந்த ஆற்றையும் கடந்து கனடாவுக்குள் வரவேண்டும். காலமை 401இல் நாங்கள் கோப்பியோடு கடந்து வந்த சற்றம், பக்ஸ்டன் பக்கமெல்லாம் அப்படி வந்தவர்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர்கள். எங்களுக்கு ஒரு பகலில் முடிந்த வழி. அவர்களுக்கு அது மாதக்கணக்கு, அதுவும் வெளிச்சத்தில் நடக்க முடியாத மாதக்கணக்கு.

இவர் அங்கே அதிகம் கதைக்க மாட்டார். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர். அந்தக் கதையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது.

முதல் இரவுக்கு கென்ரக்கியின் தென்கோடியில், கோர்பினில் நிற்பது வசதி. போன தடவை தங்கிய மோட்டலின் ஹீற்றர் இரவு முழுக்க உழவு மெசின் மாதிரிக் கத்தியது. ஆனால் கோர்பினில் தங்குவது மோட்டலுக்காக இல்லை, கேணல் சாண்டர்ஸுக்காக. கேஎப்சி கோழிக்காரரின் முதல் கடை அங்கேதான் இருக்கிறது. 1930களில் பெற்றோல் ஸ்டேசன் ஒன்றை வைத்துக்கொண்டு வழிப்போக்கருக்குச் சாப்பாடு போடத் தொடங்கியவர். கோழி பொரிக்க அரை மணித்தியாலம் செல்கிறதே என்று பிறெசர் குக்கரில் பொரிக்கப் பழகினார். அந்தக் குக்கர் கண்ணாடிக்குள் இருக்கிறது. கடைக்குள்ளேயே ஒரு மாதிரிப் படுக்கை அறையும் வைத்திருந்தார். பக்கத்தில் அவருக்கு மோட்டலும் இருந்தது. எங்கே தங்குவது என்று தீர்மானிப்பது பெண்கள்தான் என்று கண்டுபிடித்து, பெண்கள் கழிவறைக்குப் போகிற வழியில் அந்த அறையைக் கட்டினாராம். கெட்டிக்காரன். என் கைப்பையோடு நானும் அந்த வழியால்தான் போனேன். கட்டில் விரிப்பு எல்லாம் இப்பவும் அப்படியே சுருக்கில்லாமல் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? புதிய நெடுஞ்சாலை அவர் கடைக்குத் தள்ளிப் போகப் போகிறது என்று தெரிந்தது. வியாபாரம் படுத்தது. 1956இல் கடையை ஏலத்தில் விற்றுவிட்டு, அறுபது கடந்த வயதில், குக்கரையும் மசாலாவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மற்றக் கடைக்காரருக்குத் தன் முறையை விற்றுத் திரிந்தார். அந்த நெடுஞ்சாலைதான் நாங்கள் ஓடுகிற ஐ-75. றோட்டு அவர் கடையைக் கெடுத்தது. கெடுத்ததால்தான் உலகம் முழுக்கக் கடை வந்தது. இரவோடு இரவாக இதைத் தாண்டிப் போகிற இருபது மணித்தியாலக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

கோர்பினுக்குப் பிறகு ரெனசி எல்லை, ஜெலிக்கோ மலை. பாறையை வெட்டி றோட்டுப் போட்ட இடங்களில் கசிகிற தண்ணீர் உறைந்து, ஆள் உயரத்துக்கு மேல் பளிங்குத் தூண்களாகத் தொங்கும். மேலே வெள்ளை, நடுவில் பச்சை நீலம், மண் கலந்த இடத்தில் தேத்தண்ணி நிறம். பகலில் பார்த்தால் வாய் திறந்தபடி பார்ப்பீர்கள். இரவில் அதே தண்ணீர் றோட்டில் கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனியாகப் படுத்திருக்கும், பக்கத்தில் லொறிகள் பிறேக் மணக்க இறங்கும். இந்த மலையை இரவில் ஏறுவது வீரமில்லை.

சற்றனூகாவுக்கு முன்னால் ஹையவாசி ஆற்றுப் பக்கத்தில் "மூடுபனி இடம்" என்று மஞ்சள் விளக்கோடு பலகைகள் வரும். சும்மா வைத்ததில்லை. 1990 டிசம்பர் 11 காலமை அந்த இடத்தில் மூடுபனிக்குள் 99 வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி 12 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை விளக்கும், வேகத்தைக் குறைக்கிற பலகையும், றோட்டையே மூடுகிற படலையும் வந்தன. எங்கட 401இலும் 1999 செப்ரெம்பரில் வின்சர் பக்கம் இதே மாதிரி 87 வாகனங்கள் மோதி 8 பேர் இறந்தார்கள். இரண்டுமே காலமை நேரம். வெயில் ஏறிய பிறகு அந்த இடத்தைக் கடக்கிற மாதிரி வெளிக்கிடுவது எங்கள் கணக்கு. "ஆறுதலா ஓடுங்கோவன், அங்க யாரும் பந்தி வைச்சுக்கொண்டு நிக்கேல்லை" என்று நான் சொல்ல, "நீர் எக்சிற்றைப் பாரும்" என்று இவர் சொல்லுவார்.

ஜோர்ஜியாவுக்குள் வந்ததும் ஜக்கற் கழலும். இது ஒரு அளவுகோல். டெற்றோயிற்றில் தொப்பி, சின்சினாற்றியில் கையுறை, அற்லாண்டாவில் ஜக்கற், மேக்கனில் சொக்ஸ். அற்லாண்டாவின் நெரிசலைப் பற்றி எழுதினால் எனக்கு மறுபடி தலையிடி வரும். நகருக்குத் தெற்கே றிவர்டேலில் வெங்கடேசுவரர் கோயிலும் சிவன் கோயிலும் ஒரே வளவில் இருக்கின்றன. நெரிசலுக்குப் பிறகு அங்கே கால் நீட்டி இருந்தால் போதும். அதற்குப் பிறகு கார் கழுவல். அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள், உப்பு இரும்பைத் தின்னும். அங்கே நின்ற பெடியன் கதவோரத்து வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்து, "இது என்ன, கடற்கரையில நிப்பாட்டி வைச்சிருந்தனீங்களா?" என்று கேட்டான். றோட்டில் உப்புப் போடுவோம் என்றதை அவன் முழுதாக நம்பவில்லை.

மேக்கன் வரும்வரைக்கும் இரு பக்கமும் சிவப்பு மண். எங்கட வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணை யாரோ இங்கே கொண்டுவந்து கொட்டியது போல. மேக்கனோடு அது முடிந்து மணல் தொடங்கும். பழைய காலத்துக் கடற்கரை அதுவரை இருந்ததாம். அந்த மணல் நிலத்தில்தான் கச்சான். அமெரிக்காவிலேயே அதிகம் கச்சான் விளைவது ஜோர்ஜியாவில். எக்சிற் பலகைகளுக்குக் கீழே கையால் எழுதிய மட்டைகளும் நிற்கும்: அவித்த கச்சான். முதல் தரம் அதைக் கண்டபோது இவர் போட்ட பிறேக்கில் என் மடியில் இருந்த முறுக்குப் போத்தல் கீழே போனது.

தகரக் கூரைக்குக் கீழே ஒரு வயதான மனுசி, பெரிய கிடாரத்தில் கோதோடு கச்சான் கொதிக்கக் கொதிக்க நின்றா. உப்புத் தண்ணியில் மணிக்கணக்காக அவிப்பார்களாம். ஓட்டைக் கரண்டியால் அள்ளி, தண்ணி வடித்து, கப்பில் போட்டுத் தந்தா. கோதை அமத்த உப்புத் தண்ணி கையில் வடியும், உள்ளே பருப்பு பஞ்சுபோல் இருக்கும். இவர் ஒரு வார்த்தை கதைக்காமல் கார் பொனற்றில் சாய்ந்து நின்று ஒரு கப்பையும் முடித்தார். "நல்லூர்த் திருவிழாவில வாங்கினது மாதிரி இருக்கோ?" என்று கேட்டேன். "இது உப்புக் கூட. எண்டாலும் இன்னொரு கப் வாங்கும்" என்றார். கச்சான் விசயத்தில் யாழ்ப்பாணத்தாரிடம் இதைவிடப் பெரிய பாராட்டு வாங்க முடியாது.

புளோரிடா எல்லை தாண்டியதும் வரவேற்பு நிலையத்தில் சின்னக் கப்பில் தோடம்பழச் சாறு இலவசமாகத் தருவார்கள். எல்லாரும் போட்டோ எடுத்து முகநூலில் போடுகிற இடம். அந்தச் சாற்றுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது, அதில் எங்கட கறிவேப்பிலைக்கும் பங்கு உண்டு. தோடை மரங்களைப் பச்சை நோய் என்று ஒன்று பிடித்தது. புளோரிடாவில் முதலில் கண்டது 2005இல். பழம் பழுக்காமல் பச்சையாகவே கோணி விழும், மரம் சில வருடத்தில் பட்டுப்போகும். 2003-04இல் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் விளைந்த மாநிலத்தில் இப்போது அதில் பத்தில் ஒன்றும் இல்லை. நோயைப் பரப்புவது ஒரு சின்னப் பூச்சி. அந்தப் பூச்சிக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று கறிவேப்பிலை. அதனால்தான் பச்சைக் கறிவேப்பிலையை எல்லையில் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள். "ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கு இவ்வளவு கெடுபிடியோ" என்று கோபப்படுகிற அக்காமாருக்காகத்தான் இதை எழுதினேன். நான் கொண்டு போவதில்லை.

புளோரிடா என்றால் எப்போதும் வெயில் என்றும் நினைக்காதீர்கள். 2025 ஜனவரி 21இல் பென்சகோலாவில் சினோ கொட்டியது. தெற்கே கூட 4, 5 பாகைக்கு இறங்கினால் மரத்தில் இருக்கிற இகுவானா ஓணான்கள் விறைத்துத் தொப்புத் தொப்பென்று விழும். ஆனால் அப்படியான குளிர்ந்த காலமைதான் ஒறேஞ் சிற்றியில் இருக்கிற புளூ ஸ்பிறிங் பூங்காவுக்குப் போகவேண்டிய நேரம். அந்த ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க 22, 23 பாகை. மனட்டீ என்ற பெரிய நீர்விலங்குக்கு, மன்னார்க் கடலில் இருக்கிற கடற்பசுவின் சொந்தம் அது, 20 பாகைக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. குளிர் கூடக் கூட ஆற்றில் இருந்து நூற்றுக்கணக்கில் ஊற்றுக்குள் வந்து அடையும். மரப்பாதையில் நின்று குனிந்தால் கண்ணாடித் தண்ணிக்குள் சாம்பல் நிறப் பாறைகள் மூச்சு விடுவது தெரியும். ஒவ்வொன்றின் முதுகிலும் படகு கிழித்த தழும்பு.

"பின்னால பாருங்கோ, ஒன்ராறியோ நம்பர் பிளேற்றும் இருக்கும்" என்றேன். பக்கத்தில் நின்ற கியூபெக் தம்பதிக்குத் தமிழ் தெரியாது. இவர் மட்டும் சிரித்தார்.

போகிறவர்களுக்கு முடிவாக ஒரு கணக்கு. ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி அமெரிக்க ஆஸ்பத்திரியில் அவசரப் படுக்கைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 டொலர்தான் தரும். அங்கே வாற பில் ஆயிரக்கணக்கில். பயணக் காப்புறுதி எடுக்காமல் வெளிக்கிடாதேங்கோ. சலரோகம், பிறெசர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கோ. போகிறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன் மருந்தின் அளவை மாற்றியிருந்தாலும் சொல்லுங்கோ, பல கொம்பனிகள் அதைச் சாட்டித்தான் காசு தராமல் விடும். வருடத்தில் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே நின்றால் இங்கே இருக்கிற காப்புறுதியும் கேள்விக்குறி. வழியில் இரண்டு இரவு படுத்து எழும்புங்கோ, ஜெலிக்கோ மலையைப் பகலில் கடவுங்கோ. காப்புறுதிக் கடதாசியைக் கார் லாச்சிக்குள் வைக்க வேண்டாம்; மனுசியின் கைப்பைக்குள் வையுங்கோ.